நீல உறை யார் கையில்?

எங்கள் தொழிலில் பிழை செய்தவனைக்கூட மன்னித்துவிடலாம். அதைத் திருத்த வருகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிச் சோறு தின்கிறவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே தலையை ஆட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஆட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஒரு தட்டச்சு இயந்திரக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளிக்குத் திடீரென்று ஆசை வந்து கம்ப்யூட்டரும் விற்க ஆரம்பித்தார். அதன் ஆங்கிலக் கையேட்டைப் பயப்படாமல் புரட்டியவன் கடையில் நான் ஒருவன்தான். அதனால் என்னை நிபுணன் ஆக்கிவிட்டார்கள். புரட்டியது புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு முறை வெளிநாட்டுப் பொட்டலத்தில் ஓர் இயங்குதளம் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் ஓடுகிற நிரல் அது; எந்தத் தகவலை பிளாப்பி என்ற மெல்லிய காந்தத் தட்டில் எங்கே வைப்பது, எப்படித் திரும்ப எடுப்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. கம்பெனிக்காரர்கள் இதைப் பூட்டித்தான் கொடுப்பார்கள். இதுவோ யாரோ சில ஆர்வலர்கள் எழுதியது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் திறந்து கொடுத்திருந்தார்கள். யாரும் நகல் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். திருத்தினால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மூன்று பேர் அதில் விழுந்தோம். ஈப்போவில் நான். காம்பாரில் காதர், அவன் அப்பாவின் சாப்பாட்டுக் கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தான். தஞ்சோங் மாலிமில் கணக்கு வாத்தியார் செல்வராஜ் சார். மூன்று ஊரும் ஒரே பஸ் ரோட்டில் இருந்தன.

எங்களை நம்பிய ஒரே ஜீவன் புஷ்பம் அக்கா. ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்த சிறிய சங்கத்தில் வேலை. ரப்பர் தோட்டங்களில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டையோடு, காலம் தள்ளுகிறவர்களின் விவரங்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேகரித்தார். எங்கே பிறந்தார், யார் பிரசவம் பார்த்தார், சாட்சி யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எங்கள் இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தீபாவளி கழிந்து, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து மண்டபத்துக்குப் பதிவு அதிகாரி ஒரே ஒரு நாள் வருவார். அன்றைக்கு அவர் தாளை ஏற்றுக்கொண்டால்தான் நீல ஐசிக்கு, அதாவது குடியுரிமைக்கு, வழி உண்டு. பட்டியலில் என் அம்மாவும் இருந்தார். முப்பது வருடம் இந்த மண்ணில் பால் மரம் வெட்டியவரை ஒவ்வொரு கவுன்டரிலும் "எந்த ஊரு?" என்று கேட்பதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் ஆள் தள்ளி

சங்கத்தின் கம்ப்யூட்டருக்குப் புது பிளாப்பி டிரைவ் மாட்டிவிட்டு வந்த மறுநாள் புஷ்பம் அக்கா போன் செய்தார். பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதற்கு முந்திய ஆளின் விவரம் வருகிறது என்றார். நான் நிபுணன் குரலில், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். போட்டார். வயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். செருகினார். திரையைத் துடைக்கச் சொன்னேன். அதையும் செய்தார் பாவம்.

எனக்குத் தெரிந்த வித்தை அத்தோடு தீர்ந்தது. இன்னும் ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள் அக்கா என்றேன். அக்கா கேட்டார்: "தம்பி, முனியம்மாவ ஆம்பளன்னு காட்டுது. அணைச்சிப் போட்டா பொம்பளையா ஆயிருமா லா?"

நல்லவர்கள் இருவர்

பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. இயங்குதளம் எண்ணுவது பூஜ்யத்தில் தொடங்கும்; புது டிரைவ் எண்ணுவது ஒன்றில் தொடங்கும். அந்த ஒன்றைக் கூட்டிவிட்டால் கதை முடிந்தது. கூட்டினேன். அக்காவுக்கு பிளாப்பியைக் கொடுத்தனுப்பிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே கொப்பி குடிக்கப் போனேன். அதே நேரம் காம்பாரில் காதரும் அதே பிழையைக் கண்டுபிடித்து, நிரலின் வேறோர் இடத்தில் அதே ஒன்றைக் கூட்டி, அவனும் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். வந்த இரண்டையும் அக்கா ஏற்றிக்கொண்டார். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடும் கடிகாரத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஐந்து ஐந்து நிமிஷம் தள்ளி வைத்த கதைதான். முந்திய ஆளின் விவரம் போய், இப்போது ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளின் விவரம் வந்தது.

விஷயம் தெரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. காதருக்கு வழிவிடுவோம் என்று நான் கூட்டியதை எடுத்துவிட்டேன். காதரும் எனக்கு வழிவிடுவோம் என்று அவன் கூட்டியதை எடுத்துவிட்டான். இரண்டு பிளாப்பியும் அக்காவுக்குப் போய்ச் சேர, முனியம்மா மறுபடியும் ஆம்பளையானார். போனில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகு காதர் பெருமூச்சு விட்டான்: "மச்சான், நம்ம ரெண்டு பேருல ஒருத்தனாவது கெட்டவனா இருந்திருந்தா இந்நேரம் சரியாப் போயிருக்கும்."

முட்டை

இனி இப்படி நடக்கக்கூடாது என்று மூன்று பேரும் காதர் கடையில் ரொட்டி சானாயோடு கூடினோம். காதர் கூட்டிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு விதி போட்டோம். மூல பிளாப்பி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் நிரலில் கை வைக்கலாம். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். செல்வராஜ் சார் நோட்டுப் புத்தகத்துக்குப் போடும் நீல பிளாஸ்டிக் அட்டையை வெட்டித் தைத்து அதற்கு ஓர் உறை செய்து கொடுத்தார். அன்றிலிருந்து போனை எடுத்தால் முதல் கேள்வியே "நீல உறை யார் கையில்?" என்பதுதான். விதியை முன்மொழிந்தவன் நான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை ஊருக்கு ஊர் கொண்டுபோனவர் அந்த வழியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் ஆறுமுகம் அண்ணன். முதல் பயணத்திலேயே அதை டிரைவர் முன்னாலிருக்கும் கண்ணாடி ஓரமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். நல்ல மத்தியான வெயில். காதர் உறையைத் திறந்தபோது பிளாப்பி எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்து கிடந்தது. நகல் இருந்ததால் பிழைத்தோம். நான் பஸ் ஸ்டேஷனுக்குப் போய், இது எவ்வளவு மென்மையான பொருள் தெரியுமா என்று அண்ணனிடம் நீளமாக விளக்கினேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "முட்டைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நெழல்ல வச்சிருப்பேன்லா தம்பி, நீங்க கம்ப்யூட்டர்னுதான சொன்னீங்க."

சிவப்பு மை

உறையின் மேல் 'முட்டை' என்று எழுதி ஒட்டிய பிறகு ஒரு பிளாப்பியும் சேதமாகவில்லை. சேதமானது என் மானம்தான். உறையோடு ஒரு நோட்டும் போய்வர வேண்டும் என்று செல்வராஜ் சார் சேர்த்துவிட்டார். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், அதனால் வேறு யாருக்கு என்ன ஆகும், எப்படிச் சோதித்தோம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத வேண்டும். நான் ஒருமுறை 'ஏன்' என்ற இடத்தில் 'நன்றாக இருக்கும் என்று தோன்றியது' என்று எழுதினேன். நோட்டு சிவப்பு மையில் திரும்பி வந்தது. 'உமக்குத் தோன்றியதற்குப் பலன் அனுபவிக்கப் போகிறவர் யார்?' என்று கேட்டிருந்தார்.

மார்க்கும் போடுவார். காதருக்குப் பத்துக்கு எட்டு, எனக்கு நாலு. முப்பத்து மூன்று வயதில், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஒருவன், நாலு மார்க் வாங்கிய நோட்டை முதலாளி கண்ணில் படாமல் மேஜைக்குள் மறைத்து வைத்தேன். பொறுக்காமல் போன் செய்து, என் நிரல் காதருடையதைவிடச் சின்னது, வேகமானது, அதற்கா நாலு என்று சண்டைக்கே போய்விட்டேன். சார் நிதானமாகச் சொன்னார்: "நாலு மார்க் கையெழுத்துக்கு. நிரலுக்கு நான் இன்னும் போடவே இல்லையே."

அம்மாவுக்கு மட்டும் ஒரு கட்டம்

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம். சங்கத்தில் அச்சடிக்கும் இயந்திரம் இல்லை என்பதால் பட்டியலை எங்கள் கடையில்தான் அச்சடிக்க வேண்டும். அச்சடிக்கும் முன் அம்மாவின் விவரத்தைத் திரையில் பார்த்தேன். அம்மா மூன்று தோட்டங்களில் இருந்தவர், விவரம் நீளம். எங்கள் இயங்குதளம் பிளாப்பியில் ஆளுக்கு ஒரு கட்டம்தான் ஒதுக்கும். கட்டம் நிறைந்தால் மிச்சத்தை வெட்டிவிடும். வெட்டுப்பட்டது கடைசி வரி. அதில்தான் அம்மா பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் மகள் பெயர் இருந்தது. அவர் ஒருவர்தான் சாட்சி. சாட்சி இல்லாத தாளை அதிகாரி ஏன் தொடப் போகிறார்?

நீல உறை தஞ்சோங் மாலிமில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தேன். சார் வகுப்பில் இருந்தார். காத்திருந்து மறுபடி அடித்திருக்கலாம். அந்த ஒரு வரியைப் பேனாவால் தாளின் கீழே எழுதியும் இருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது. ஆனால் நான் நிபுணன். கட்டம் நிறைந்தால் அடுத்த கட்டத்தையும் எடுத்துக்கொள்ளும்படி, கடையிலிருந்த நகலில் இயங்குதளத்தையே மாற்றினேன். எனக்கு நானே போட்ட விதியை நானே மீற எட்டு வரிதான் தேவைப்பட்டது. விவரங்களை மறுபடி ஏற்றினேன். அம்மாவின் தாள் சாட்சியோடு முழுசாக வந்தது. எனக்குக் கண் கலங்கியது. மற்றதையெல்லாம் அப்படியே அச்சடிக்க விட்டேன்.

சாயங்காலம் அச்சடித்த தாள்களை வாங்க வந்த புஷ்பம் அக்கா, ஒருமுறை பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். ஒரு தாளைப் பார்த்தேன் என்பதும் பார்த்ததில்தானே சேர்த்தி. அவர் நிம்மதியாகத் தாள்களைப் பைக்குள் வைத்தார்: "ஒங்க அம்மா பேரு இருக்கிற பட்டியலு. நீங்க கவனமாத்தான் பாத்திருப்பீங்க தம்பி."

மண்டபம்

மறுநாள் எங்கள் வெற்றியைப் பார்க்கக் காதரும் செல்வராஜ் சாரும் மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். காதர் அப்பா கடையிலிருந்து பிரியாணிச் சட்டியும் வந்தது. பட்டியல் வரிசைப்படி அம்மா ஆறாவது ஆள். முதல் ஐந்து பேரும் தடங்கல் இல்லாமல் முடிந்தார்கள். அம்மா அதிகாரியின் முன் உட்கார்ந்தார். அதிகாரி தாளைப் படித்துத் தலையசைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் சத்தம். ஏழாவது ஆள் சின்னசாமியின் தாளில் விவரமே இல்லை. அம்மாவின் சாட்சி பெயர் மட்டும் தனியாக நின்றது. எட்டாவதாக இருந்த லெட்சுமிக்கு முப்பது வயது. தாளில் ஐம்பத்தெட்டு வயது, ஆண், தோட்டக் காவல் என்று இருந்தது. அது சின்னசாமியின் விவரம். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அம்மா இரண்டு கட்டம் எடுத்துக்கொண்டதைப் பெயர்களை எண்ணும் பகுதிக்கு நான் சொல்லவே இல்லை. அம்மாவுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் ஓர் ஆள் தள்ளிவிட்டது. பழைய பிழையை, சொந்தச் செலவில், புதிதாகச் செய்து கொண்டுவந்திருந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்து, என்னடா ஆச்சு என்றார். சொன்னேன். அம்மாவுக்கு நிரலும் கட்டமும் புரியாது; ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. "எனக்காவா செஞ்ச?" என்றார். தலையை ஆட்டினேன். அதிகாரியின் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டு எழுந்தார். நான் தடுத்தேன், அதிகாரி நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று கெஞ்சினேன். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு மட்டும் சரியா இருந்தா அது சரியில்லப்பா. எல்லாரும் முடிக்கட்டும், நா பின்னால நிக்கிறேன்."

மூன்று கம்ப்யூட்டர்கள்

புஷ்பம் அக்கா பையிலிருந்து ஐந்து பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். தோட்டம் தோட்டமாகப் போனபோது கையால் எழுதியது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. எங்களை நம்பினார் என்று சொன்னேன் அல்லவா, அது எங்கள் முகத்துக்கு எதிரே. வெறும் தாள்களை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். நோட்டைப் பார்த்து ஒவ்வோர் ஆளாகக் கையால் எழுதினோம். என் கையெழுத்தைப் பார்த்த சார் அதை வாங்கித் தானே எழுதினார். எனக்குக் கோடு போடும் வேலை கிடைத்தது. சாப்பிட எழுந்து வந்த அதிகாரி எங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, காதரின் பிரியாணியை வாயில் போட்டுக்கொண்டே மலாயில் பாராட்டினார்: "தீகா கொம்புத்தர் இனி, பாகுஸ்!" இந்த மூன்று கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன என்றார்.

மணி மூன்றே முக்கால் ஆனபோது அம்மாவுக்கு முன்னால் இன்னும் நாலு பேர். நான் வேண்டாத சாமி இல்லை. நாலு மணி அடிக்கும்போது அம்மாவுக்கு முன்னால் ஒருவர் பாக்கி. அவரை முடித்துவிட்டு அதிகாரி பேனாவை மூடி, பையையும் மூடினார். அம்மா தாளோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்; காலையில் பார்த்த முகம். பட்டியலில் பெயர் முன்னால் இருக்கிறது, நீங்கள் ஏன் கடைசியில் நிற்கிறீர்கள் மக்சீக் என்று, பெரியம்மாவைக் கூப்பிடும் மலாய் மரியாதையோடு கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், என்னைக் கையால் காட்டிப் பதில் சொன்னார்: "அனாக் சாயா சலா, துவான்." என் பிள்ளை செய்த தப்பு ஐயா. அதிகாரி சிரித்துவிட்டுப் பையைத் திறந்தார்.

உறை போன இடம்

மறுவாரம் நோட்டும் நீல உறையும் என்னிடம் வந்தன. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, நோட்டை மட்டும் சாருக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'காரணத்துக்குப் பத்து. சோதனைக்குப் பூஜ்யம். உறையை நீரே வைத்துக்கொண்டு ஒழுங்காகத் திருத்தும்.' ஒழுங்காகத் திருத்தினேன். இந்த முறை ஒவ்வொரு தாளையும் பார்த்தேன்.

வெகு நாள் கழித்து ஈப்போவில் குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அம்மாவின் நீல ஐசி வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போட்டோவில் காது பெரிதாக விழுந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அழுதவன் நான்தான். இதைப் பத்திரமாக வைக்க ஒன்று வேண்டுமே என்று வீடு முழுக்கத் தேடி, என் மேஜையிலிருந்த நீல உறையை எடுத்து, பிளாப்பியை வெளியே வைத்துவிட்டு, கார்டையும் அது சம்பந்தமான தாள்களையும் உள்ளே போட்டார். வெளியே 'முட்டை' என்று எழுதியிருந்தது அவருக்கு இன்னும் வசதி. திருடன் சீண்ட மாட்டான் என்றார். அடுத்த நாள் காதர் போன் செய்து வழக்கமான கேள்வியைக் கேட்டான். அம்மா கையில் என்றேன். அவன் சாரைக் கேட்டான். சார் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "விதின்னா விதிதான் காதர். இனிமே அந்த அம்மாதான் கை வைக்கலாம்."

உறை அம்மாவின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் எதையும் திருத்தவில்லை, புஷ்பம் அக்காவும் அந்த இயங்குதளத்தில் அதற்குப் பிறகு ஒரு பிழைகூடக் கண்டதில்லை.